கேள்வியிழந்த ஒருத்தி கேட்ட கேள்வி

தமிழில் ‘கேள்வி’ என்ற சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. காதால் கேட்டு அறிவதும் கேள்வி. வாய் திறந்து வினவுவதும் கேள்வி. திருவள்ளுவர் ‘கேள்வி’ என ஓர் அதிகாரம் அமைத்தது முதற்பொருளிலேயாகும். கல்லாதவன்கூடக் கேட்டறிந்து தேறலாம் என்பது எமது முன்னோரின் நம்பிக்கை. அப்படியாயின், காது கேளாதவருக்கு அறிவின் வாசல் அடைபட்டுவிட்டதா?

எமது பேச்சு வழக்கு ‘ஆம்’ என்று என்றோ தீர்ப்பு எழுதிவிட்டது. பயனற்ற முயற்சியை ‘செவிடன் காதில் ஊதிய சங்கு’ என்கிறோம். வெளியே சொல்ல வழியற்ற ஆசையை ‘ஊமை கண்ட கனவு’ என்கிறோம். இரண்டையும் சிரித்துக்கொண்டே சொல்கிறோம். அந்தச் சிரிப்புக்குள் மனிதர் ஒருவர் இருக்கிறார் என்பதை நினைப்பதேயில்லை.

இப்பழமொழிகளுக்கு மறுப்பாக ஒரு பெண்ணின் வாழ்க்கையை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அவர் எமது நாட்டவர் அல்லர்; எமது மொழியைப் பேசியவரும் அல்லர். ஐக்கிய அமெரிக்காவில் 1873ஆம் ஆண்டு பிறந்து, 1959ஆம் ஆண்டு மறைந்தவர். பெயர் அகதா டீகல். திருமணத்தின் பின் அகதா டீகல் ஹன்சன். ஆசிரியை, கவிதை எழுதியவர், மூன்று பெண் பிள்ளைகளின் தாய். செவிப்புலனற்றவர்.

இத்தகைய ஒருவரைப் பற்றி எழுதுவோர் வழக்கமாக ஒரு வாக்கியத்தைக் கையில் வைத்திருப்பார்கள்: ‘குறையை வென்று சாதித்த பெண்மணி’. பேச்சுப் போட்டிகளில் அடிக்கடி கைதட்டல் பெறும் வாக்கியம் இது. ஆனால் அகதாவின் வாழ்க்கையை வாசித்த பின்னர் அவ்வாக்கியத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அவர் போராடியது தமது காதுகளோடு அன்று. தம் முன்னே மூடப்பட்ட கதவுகளோடு. இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு என்பதே என் கருத்து.

அகதா பிறந்தது பென்சில்வேனியா மாநிலத்தின் பிட்ஸ்பர்க் நகரில். ஏழு வயதில் மூளை மென்சவ்வு அழற்சி எனப்படும் கொடிய நோய் அவரைப் பிடித்தது. உயிர் தப்பியது, ஆனால் இரு காதுகளின் கேட்கும் சக்தியும் ஒரு கண்ணின் பார்வையும் போய்விட்டன. அக்காலத்தில் இந்நோய்க்கு மருந்து இல்லை. ஏழு வயதுப் பிள்ளை ஏற்கெனவே பேசப் பழகியிருக்கும், கதை கேட்டிருக்கும், ஓசைகளை மனத்தில் வைத்திருக்கும். அத்தனையும் ஒரே நோயில் நின்றுபோவது சிறிய இழப்பு என்று நான் சொல்ல வரவில்லை. ஆயினும் அந்த இழப்பு அவரது அறிவைத் தொடவில்லை. 1888ஆம் ஆண்டு, பதினைந்து வயதில், வொஷிங்டன் நகரில் இருந்த செவிப்புலனற்றோருக்கான கல்லூரியில் அவர் காலடி வைத்தார். இன்று கெலடெட் பல்கலைக்கழகம் என உலகறிந்த நிறுவனம் அதுவே.

அக்கல்லூரியின் வரலாற்றைச் சற்றுச் சொல்ல வேண்டும். ஏனெனில் அதுவும் ஒரு செவிப்புலனற்ற தாயின் கதையோடு பின்னிப் பிணைந்தது. சோபியா பவுலர் என்பவர் பிறவியிலேயே செவிப்புலனற்றவர். 1817ஆம் ஆண்டு ஹார்ட்பர்ட் நகரில் அமெரிக்காவின் முதலாவது நிரந்தரச் செவிப்புலனற்றோர் பாடசாலை தொடங்கப்பட்டபோது அதன் முதல் மாணவர்களுள் ஒருவராகச் சேர்ந்தார். அப்பாடசாலையை நிறுவியவர்களுள் ஒருவரான தோமஸ் கெலடெட்டை 1821இல் மணந்தார். எட்டுப் பிள்ளைகள் பிறந்தனர். கடைசி மகன் எட்வேர்ட், வொஷிங்டனில் செவிப்புலனற்றோருக்கான நிறுவனமொன்றுக்குத் தலைமை தாங்கச் சென்றபோது வயது இருபதுதான். விடுதித் தாயாக அவரோடு சென்றவர் சோபியா. அமெரிக்கக் கொங்கிரஸ் உறுப்பினர்கள் அந்நிறுவனத்தைப் பார்க்க வரும்போது, செவிப்புலனற்ற பெண்ணொருத்தி இவ்வளவு நிமிர்வுடன் ஒரு நிறுவனத்தை நடத்துகிறாரா என வியக்கும்படி முன்னின்றவரும் அவரே. 1864ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் கையொப்பமிட்ட சட்டத்தால் அந்நிறுவனம் பட்டம் வழங்கும் உரிமையைப் பெற்றது.

ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். ஒரு பெண்ணின் உழைப்பில் எழுந்த அந்தக் கல்லூரி, பெண்களை முறையாகச் சேர்த்துக்கொள்ள 1887ஆம் ஆண்டு வரை எடுத்துக்கொண்டது. அதுவும் ஒரு பரீட்சார்த்த முயற்சியாகவே. ‘பார்ப்போம், தாக்குப்பிடிக்கிறார்களா என்று’ என்பது போன்ற அனுமதி. அந்தப் பரீட்சை தொடங்கிய மறு ஆண்டே அகதா அங்கு சேர்ந்தார்.

உள்ளே நுழைந்தது மட்டும் போதுமாக இருக்கவில்லை. ஆண் மாணவர்களுக்கு இலக்கியச் சங்கம் இருந்தது. விவாத மேடை இருந்தது. மாணவிகளுக்கு அங்கே உறுப்புரிமை இல்லை. வகுப்பில் ஒரே பாடம், பரீட்சையில் ஒரே வினாத்தாள். ஆனால் மாலையில் மேடை ஏறுவது ஆண்கள் மட்டும். 1892 ஜனவரியில், பதினெட்டு வயது அகதா, மாணவிகளை ஒன்றுசேர்த்துத் தனிச் சங்கமொன்றைத் தொடங்கினார். முதல் தலைவியும் அவரே. அதன் பெயர் ஆங்கில எழுத்துகளில் ‘ஆந்தைகள்’ என்று வாசிக்கும்படி அமைந்தது. அவ்வெழுத்துகளின் விரிவு என்னவென்பதை உறுப்பினர் தமக்குள்ளேயே வைத்துக்கொண்டனர். எமது ஊரில் ஆந்தை அலறினால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். மேலைநாட்டவருக்கு அது அறிவின் பறவை. அந்த ஆந்தைகளின் கூட்டத்தில் விவாதம் நடந்தது, நூல்கள் பேசப்பட்டன, கவிதைகள் கைகளால் சொல்லப்பட்டன.

எமது இலக்கிய மன்றக் கூட்டங்களை ஓர் அலட்சியத்தோடு பார்ப்பவர்களுக்காக இதைக் குறிப்பிட்டுச் சொல்கிறேன். வாராந்தக் கூட்டம் என்றால் பாடம் தப்பிய மகிழ்ச்சி என்று நினைப்பவர்களும் எம்மில் உண்டு. கூட்டறிக்கை வாசிக்கும்போது தூங்கி விழுபவர்களும் உண்டு. ஆனால் மேடை மறுக்கப்பட்டவளுக்கே மேடையின் அருமை தெரியும். பேசுவதற்கு ஓர் இடம், தவறாகப் பேசினாலும் சிரிக்காத ஒரு கூட்டம், அடுத்த வாரம் இன்னும் நன்றாகப் பேசலாம் என்ற நம்பிக்கை. இம்மூன்றும் கிடைத்தால் ஒரு பெண்ணின் அறிவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அடுத்த ஆண்டே சான்று கிடைத்தது.

1893ஆம் ஆண்டு அகதா பட்டம் பெற்றார். கலைமாணிப் பட்டத்தை அக்கல்லூரியில் பெற்ற முதற் பெண் அவர். வகுப்பில் முதலிடமும் அவருக்கே. ஆகவே பட்டமளிப்பு விழாவில் மாணவர் சார்பில் உரையாற்றும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. பத்தொன்பது வயதுப் பெண். நன்றி சொல்லி, ஆசிரியர்களைப் புகழ்ந்து, இரண்டு பொன்மொழிகளோடு முடித்திருக்கலாம். அவர் தெரிவு செய்த தலைப்போ ‘பெண்ணின் அறிவாற்றல்’.

அவ்வுரையின் சாரம் இதுதான். பெண்கள் தர்க்கத்தில் பலவீனமானவர்கள், உணர்ச்சிவசப்படுபவர்கள், ஆகவே அவர்களிடம் சுதந்திரத்தை நம்பி ஒப்படைக்க முடியாது என்கிறார்கள். அந்தப் பலவீனங்கள் எங்கிருந்து வந்தன? கட்டிவைத்து வளர்த்ததால் வந்தன. கட்டினால் வந்த குறையைக் காட்டி, கட்டை அவிழ்க்க முடியாது என்று வாதிடுவது என்ன நியாயம்? கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருந்தோரும் இதே வாதத்தைத்தானே சொன்னார்கள்? அடிமைத்தனம் உண்டாக்கிய குறைகளையே அடிமைத்தனத்துக்கு நியாயமாகக் காட்டினார்களே! இப்படிக் கேட்டார் அகதா. அமெரிக்காவில் அடிமை முறை ஒழிக்கப்பட்டு அப்போது இருபத்தெட்டு ஆண்டுகளே கடந்திருந்தன. அவையில் இருந்த முதியவர்கள் அந்த வாதத்தைத் தம் காதாலேயே கேட்டு வளர்ந்தவர்கள்.

கேள்வி இழந்த ஒருத்தி கேட்ட கேள்வி அது. அந்தக் கேள்வியில் இரக்கத்துக்கான விண்ணப்பம் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். தம் செவிப்புலனைப் பற்றி அழுது காட்டி அவையினரின் மனத்தை இளக்க அவர் முயலவில்லை. அவர் பேசியது பெண்களின் அறிவைப் பற்றி. ஆயினும் அதே வாதம் செவிப்புலனற்றோருக்கும் அப்படியே பொருந்தும். மொழியைக் கொடுக்காமல் வைத்திருந்து, பின்னர் ‘இவர்களுக்கு அறிவு குறைவு’ என்பது; கதவைப் பூட்டிவிட்டு, ‘இவர்கள் வெளியே வருவதில்லை’ என்பது. இதனாலேயே ‘குறையை வென்றவர்’ என்ற பாராட்டு எனக்கு உறுத்துகிறது. அப்பாராட்டு பழியை அவரது காதில் போட்டுவிட்டு, பூட்டியவர்களை விட்டுவிடுகிறது.

பட்டம் பெற்ற அதே ஆண்டில் அகதா, மினசோட்டா மாநிலத்தின் பரிபோல்ட் நகரிலிருந்த செவிப்புலனற்றோர் பாடசாலையில் ஆசிரியையானார். 1899 வரை அங்கே கற்பித்தார். ஆறு ஆண்டுகள்தானே என்று தோன்றலாம். ஆனால் அந்த ஆறு ஆண்டுகள் எத்தகைய காலத்தில் வந்தவை என்பதை அறிந்தால்தான் அவற்றின் எடை புரியும்.

1880ஆம் ஆண்டு இத்தாலியின் மிலான் நகரில் செவிப்புலனற்றோர் கல்வி பற்றிய சர்வதேச மாநாடொன்று நடைபெற்றது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பிரதிநிதிகள் கூடினர். செவிப்புலனற்றோர் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. கல்வியில் சைகை மொழியைக் கைவிட்டு, உதட்டசைவைப் பார்த்துப் பேசப் பழக்கும் முறையையே பின்பற்ற வேண்டும் என அம்மாநாடு தீர்மானித்தது. பிள்ளைகளுக்குப் பேச்சுப் பழக்குவது நல்லதே. அதனால் பயன் பெற்றோர் பலர். ஆனால் ஒன்றைக் கற்பிப்பதற்காக மற்றொன்றைத் தடைசெய்யலாமா? பல பாடசாலைகளில் பிள்ளைகளின் கைகள் கட்டுப்படுத்தப்பட்டன. தமக்கு இயல்பாக வரும் மொழியில் பேசியதற்காகப் பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர்.

அத்தீர்மானத்தின் மற்றொரு விளைவு குறைவாகவே பேசப்படுகின்றது. பேச்சு மட்டுமே வழி என்றானதும், செவிப்புலனற்ற ஆசிரியர்களுக்கு வகுப்பறையில் இடமில்லாமற் போயிற்று. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின், அமெரிக்காவின் செவிப்புலனற்றோர் பாடசாலைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது ஆசிரியர்கள் தாமும் செவிப்புலனற்றவர்களாக இருந்தனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில் அது நூற்றுக்குப் பதினைந்து அளவுக்கு இறங்கிவிட்டது. வெளியேறியவர்களின் இடத்தில் வந்தவர்களுள் பெரும்பாலோர் கேட்கும் திறனுள்ள பெண்கள். ஆண்களைவிடக் குறைந்த சம்பளத்துக்குக் கிடைத்தார்கள் என்பதும் அதற்கொரு காரணம். பெண்ணுக்கு ஒரு கதவு திறந்த அதே வேளையில், செவிப்புலனற்றவருக்கு அக்கதவு மூடப்பட்டது. அகதா இரண்டுமாக இருந்தார். மூடிக்கொண்டிருந்த கதவின் இடுக்கில் நின்று ஆறு ஆண்டுகள் கற்பித்தவர் அவர்.

இந்தக் கட்டத்தில் மற்றொரு பெயரைச் சொல்லியாக வேண்டும். தொலைபேசியோடு சேர்த்து எமது பாடநூல்களில் நாம் அறிந்த அலெக்சாண்டர் கிரகம் பெல். அவருடைய தாய் எலிசா செவிப்புலன் பெரிதும் குன்றியவர். ஓவியம் வரைந்தவர், பியானோ வாசித்தவர். மகனுக்குச் சிறு வயதில் வீட்டிலேயே கல்வி புகட்டியவரும் அவர்தான். பெல், தாயின் அருகில் அமர்ந்து விரல் எழுத்துகளால் அவரோடு பேசப் பழகியவர். நெற்றியருகே வாய் வைத்துத் தாழ்ந்த குரலில் பேசினால் தாய்க்கு விளங்கும் என்று கண்டறிந்தவர். அவர் 1877இல் மணந்த மேபலும் ஐந்து வயதில் செவிப்புலன் இழந்தவரே. தம்மைச் செவிப்புலனற்றோரின் ஆசிரியர் என்றே பெல் பெருமையுடன் சொல்லிக்கொண்டார்.

அதே பெல், 1883ஆம் ஆண்டு அறிஞர் சபையொன்றில் ஓர் ஆய்வுரையை முன்வைத்தார். செவிப்புலனற்றோர் ஒருவரையொருவர் மணந்துகொண்டே போனால் செவிப்புலனற்ற ஒரு தனி மனித இனமே உருவாகிவிடும் என அஞ்சினார். சட்டத்தால் அத்தகைய திருமணங்களைத் தடுப்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்று கண்டு, அவர்கள் ஒன்றுகூடுவதற்கான காரணங்களை நீக்க வேண்டும் என்றார். அக்காரணங்களாக அவர் காட்டியவற்றுள் தனி விடுதிப் பாடசாலைகளும் இருந்தன, சைகை மொழியும் இருந்தது, செவிப்புலனற்ற ஆசிரியர்களும் இருந்தனர். 1891ஆம் ஆண்டு, அகதா படித்துக்கொண்டிருந்த அதே கல்லூரியில் ஆசிரியர் பயிற்சித் துறையொன்றைத் தொடங்க எட்வேர்ட் கெலடெட் கொங்கிரஸிடம் நிதி கேட்டபோது, அதன் வழியே செவிப்புலனற்றோர் ஆசிரியராகி விடுவர் எனக் கூறி எதிர்த்தார் பெல். இறுதியில் துறை தொடங்கப்பட்டது. அதில் சேர்த்துக்கொள்ளப்பட்டவர்களோ கேட்கும் திறன் உள்ளவர்கள் மட்டுமே.

சற்று நின்று யோசியுங்கள். ஒரு பக்கம் சோபியாவின் மகன். மறு பக்கம் எலிசாவின் மகன். இருவரும் செவிப்புலனற்ற தாயின் மடியில் வளர்ந்தவர்கள். இருவரும் தாயை நேசித்தவர்கள். இருவரும் ஆயுள் முழுதும் செவிப்புலனற்றோர் கல்விக்கே உழைத்தவர்கள். அப்படியிருந்தும், செவிப்புலனற்ற ஒரு பெண் தமது சொந்தக் கல்லூரியிலேயே ஆசிரியப் பயிற்சி பெறலாமா என்ற கேள்வி எழுந்தபோது, ஒருவர் எதிர்த்தார், மற்றவர் விட்டுக்கொடுத்தார். அன்பு மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. தாயை நேசிப்பது வேறு. தாயைப் போன்றவர்களின் உரிமையை ஏற்பது வேறு. உம்மாவின் காலடியில் தலை வைத்துக்கொண்டே, உம்மாவுக்குக் கருத்து எதற்கு என்று கேட்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு.

பெல்லின் அச்சத்தின்படி பார்த்தால் அகதா இருமுறை ‘தவறு’ செய்தவர். செவிப்புலனற்றவராக இருந்துகொண்டு ஆசிரியையானார். அடுத்து, 1899இல், செவிப்புலனற்ற ஒருவரையே மணந்தார். கணவர் ஒலோப் ஹன்சன் சுவீடனில் பிறந்தவர்; அதே கல்லூரியின் பட்டதாரி; அமெரிக்காவில் கட்டடக் கலைஞராகத் தொழில் செய்த முதற் செவிப்புலனற்றவர் எனக் கருதப்படுபவர். இருவருமே பிறக்கும்போது கேட்கும் திறனோடு பிறந்து, பிள்ளைப் பருவத்தில் அதை இழந்தவர்கள்.

திருமணத்தோடு அகதாவின் ஆசிரியப் பணி முடிந்தது. அக்கால அமெரிக்காவில் மணமான ஆசிரியை பதவியை விட்டு விலகுவதே பொது வழக்கம். 1902இல் குடும்பம் மேற்குக் கரையிலுள்ள சியாட்டில் நகருக்குக் குடிபெயர்ந்தது. மூன்று பெண் பிள்ளைகளை வளர்த்தார். கணவர் 1910 முதல் 1913 வரை அமெரிக்கத் தேசியச் செவிப்புலனற்றோர் சங்கத்தின் தலைவராக இருந்தார். அவர் பின்னர் ஒரு மதகுருவாகவும் பணியாற்றி, 1933இல் காலமானார். அகதா கவிதைகள் எழுதினார். செவிப்புலனற்றோர் சமூகத்தின் பணிகளில் பங்கெடுத்தார்.

வாழ்க்கை வரலாறு எழுதுவோர் இந்த இடத்துக்கு வந்ததும் வேகமாகப் பக்கம் புரட்டுகின்றனர். பட்டமளிப்பு உரைக்குப் பல பக்கங்கள். அறுபது ஆண்டு இல்லறத்துக்கு இரண்டு வரிகள். ‘அவ்வளவு கெட்டிக்காரி, கடைசியில் அடுப்படிதானே’ என்று பெருமூச்சு விடுவோர் ஒரு சாரார். ‘என்ன படித்தாலும் பெண்ணுக்கு வீடுதானே அழகு’ என்று மகிழ்வோர் மறு சாரார். இரு சாராரோடும் எனக்கு உடன்பாடில்லை. பதவியை விட்டு விலக வேண்டும் என்ற வழக்கம் ஒரு நல்ல ஆசிரியையை வகுப்பறையிலிருந்து பறித்தது. அதை அழகு என்று சொல்ல முடியாது. அதேவேளை, வீடு சென்றதால் அவர் ஆசிரியை அல்லாமற் போய்விடவுமில்லை. செவிப்புலனற்ற தாயும் தந்தையும் தலைமை தாங்கிய வீட்டில் மூன்று பெண் பிள்ளைகள் வளர்ந்தனர். வந்து போவோரில் பலர் கைகளால் பேசுவோர். பெற்றோர் கட்டடம் வரைந்ததையும், கவிதை எழுதியதையும், சங்கம் நடத்தியதையும் அப்பிள்ளைகள் அன்றாட நிகழ்வாகக் கண்டிருப்பர். செவிப்புலனற்ற தாய் என்றால் பரிதாபம் என்று உலகம் நினைத்த காலத்தில், அந்த வீட்டின் இருப்பே ஒரு மறுப்புரை.

இனி அவர் விட்டுச் சென்றவற்றைப் பார்ப்போம். பதினெட்டு வயதில் அவர் தொடங்கிய ஆந்தைகள் சங்கம் 1954இல் ‘பை கப்பா சீட்டா’ எனப் பெயர் மாறி இன்றும் இயங்குகின்றது. அந்தப் பெயர் மாற்றத்தைத் தம் எண்பது வயதில் காண அவர் உயிரோடிருந்தார். 1988ஆம் ஆண்டு, கெலடெட் பல்கலைக்கழகத்துக்கு மீண்டும் கேட்கும் திறனுள்ள ஒருவரே தலைவராக நியமிக்கப்பட்டபோது, மாணவர்கள் வாயிற்கதவுகளை மூடிப் போராடினர். ஒரே வாரத்தில் வென்றனர். 124 ஆண்டுகளின் பின் செவிப்புலனற்ற ஒருவர் முதன்முறையாகத் தலைவரானார். 2010ஆம் ஆண்டு, கனடாவின் வன்கூவர் நகரில் கூடிய செவிப்புலனற்றோர் கல்வி மாநாடு, மிலான் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. அந்த வருத்தம் வந்து சேர 130 ஆண்டுகள் சென்றன. 2016ஆம் ஆண்டு ரொபெர்ட்டா கோடானோ, அப்பல்கலைக்கழகத்தின் தலைவியானார். அப்பதவிக்கு வந்த முதற் செவிப்புலனற்ற பெண் அவரே. அகதா மேடையேறி அந்தக் கேள்வியைக் கேட்டு அப்போது 123 ஆண்டுகள்.

இவற்றையெல்லாம் அகதா ஒருவரே செய்தார் என்று நான் கூறவில்லை. ஒரு கதவை ஒருத்தி தட்டுகிறாள், இன்னொருத்தி தள்ளுகிறாள், மூன்றாமவள் நடந்து போகிறாள். மூன்றாமவளுக்கு முதலாமவளின் பெயர் தெரியாமற் போவது உலக வழக்கம். அப்பெயரைத் தேடி எடுத்து எழுதுவதே எம் போன்ற சஞ்சிகைகளின் வேலை.

செவிப்புலனற்ற பிள்ளைக்குச் செவிப்புலனற்ற ஆசிரியர் ஏன் தேவை என்று சிலர் கேட்கலாம். நன்றாகச் சைகை கற்ற எவரும் கற்பிக்கலாமே? கற்பிக்கலாம், கற்பிக்கவும் வேண்டும். ஆனால் அமெரிக்காவில் செவிப்புலனற்ற பிள்ளைகளுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் கேட்கும் திறனுள்ள பெற்றோருக்கே பிறக்கின்றனர். அவர்களது வீட்டில் அவர்களைப் போன்றவர் எவருமில்லை. தன்னைப் போன்ற ஒரு பெரியவரை ஒருநாளும் கண்டிராத பிள்ளை, தான் வளர்ந்தால் என்ன ஆவேன் என்று எதைக் கொண்டு கற்பனை செய்யும்? வகுப்பறைக்குள் அகதா நுழையும் அந்த முதல் நாளில், எழுத்துப் பலகையில் ஓர் எழுத்து எழுதுவதற்கு முன்பே, முதற் பாடம் நடந்து முடிந்துவிடும்: ‘நீங்கள் வளரலாம், படிக்கலாம், கற்பிக்கவும் செய்யலாம்.’ எவ்வளவு திறமை இருந்தாலும் கேட்கும் திறனுள்ள ஆசிரியையால் கற்பிக்க முடியாத பாடம் அது ஒன்றே.

தோழிகளே, இறுதியாக எம்மைப் பற்றி ஒன்று சொல்ல விரும்புகிறேன். விசேட தேவையுடைய பிள்ளைகளின் பாடசாலைகளுக்கு மாணவர் குழுக்கள் விஜயம் செய்வது எமது நாட்டில் நல்ல வழக்கமாக இருந்து வருகின்றது. பகற் சாப்பாடு கொடுக்கிறோம், அப்பியாசக் கொப்பிகள் கொடுக்கிறோம், குழுப்படம் எடுத்துக்கொள்கிறோம், கண்கலங்கித் திரும்புகிறோம். கொடுப்பதை நான் குறை கூறவில்லை. ஆனால் அந்தச் சில மணி நேரத்தில் அப்பிள்ளைகளிடம் ஒரு கேள்வியாவது கேட்டோமா? அவர்கள் சொன்ன ஒரு விடயத்தையாவது விளங்கிக்கொண்டோமா? அவர்களது மொழியில் வணக்கம் சொல்லவோ, எமது பெயரைச் சொல்லவோ கற்றுக்கொண்டோமா? பேச்சே இல்லாமல் நடந்து முடியும் சந்திப்பில், உண்மையில் யார் கேட்கவில்லை?

ஆகவே என் யோசனைகள் மிகச் சிறியவை. அடுத்த விஜயத்துக்கு முன் பத்துச் சைகைகளையாவது கற்றுக்கொள்வோம். அவற்றைக் கற்றுத்தர செவிப்புலனற்ற ஒருவரையே அழைப்போம். அவரை ஆசிரியர் என்றே அழைப்போம். எமது இலக்கிய விழாவுக்கு அப்பாடசாலை மாணவிகளைப் பார்வையாளர் வரிசைக்கு மட்டுமன்றி மேடைக்கும் வரவழைப்போம். அவர்கள் கைகளால் சொல்லும் கவிதையை ஒருவர் தமிழில் எடுத்துரைக்கட்டும். அந்த இரண்டு பழமொழிகளையும் எமது கட்டுரைகளிலிருந்தும் பட்டிமன்றங்களிலிருந்தும் ஓய்வெடுக்க விடுவோம். அவற்றுக்குப் பதிலாகச் சொல்ல எமது மொழியில் வேறு உவமைகள் ஏராளம்.

ஊமை கண்ட கனவை எவரும் அறிய முடியாது என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். அகதா டீகல் தாம் கண்ட கனவைப் பத்தொன்பது வயதில் ஓர் அவையின் முன் எழுந்து நின்று சொன்னார். சொல்லப்படாத கனவுகள் இன்னும் பல இருக்கின்றன என்றால், அவற்றைக் கண்டவர்களுக்குச் சொல்லத் தெரியாது என்பது காரணமன்று. அவர்களுக்கு நாம் இன்னும் மேடை கொடுக்கவில்லை. அவர்களின் மொழியையும் நாம் இன்னும் கற்கவில்லை.